மணமக்களுக்குப் பின்னால் தெரியும் தண்ணீர்

கடலையும் ஆற்றையும் ஆவணப்படமாக எடுப்பவர்களுக்கு,



சிங்கப்பெருமாள் கோவிலில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிச் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். முப்பது வருடங்களுக்கு மேலாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பாடலாத்ரி நரசிம்மர் சன்னதியில் நடந்த எத்தனையோ கல்யாணங்களுக்கு நான்தான் கேமரா. கடலுக்குள் முக்குளித்ததில்லை, எனக்குத் தெரிந்த நீச்சல் ஊர் ஏரியில் கற்றது. ஆனால் உங்கள் படங்களை விடாமல் பார்த்து வருகிறேன். ஒரே தொழிலின் வேறொரு மூலையில் இருப்பவனுக்கு வருகிற ஆசை அது. இந்த மடலை எழுத ஒரு காரணம் இருக்கிறது. உங்களுக்குத் தேவையான பொருள் ஒன்று என்னைப் போன்றவர்களின் கடைகளில் கிடக்கிறது. கிடந்தபடியே அழிந்துகொண்டும் இருக்கிறது.

போன ஆடியில் ஒரு பெண் வந்தாள். அப்பா அம்மாவின் கல்யாண நாள் வருகிறதாம், பழைய கேசட்டைப் பென் டிரைவில் போட்டுத் தர வேண்டுமாம். 1993இல் நான் எடுத்த கேசட். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்து, வேறு கூட்டில் மாற்றி, பழைய டெக்கில் போட்டேன். முகூர்த்தம், பந்தி, மொய் எல்லாம் ஓடி முடிந்து ‘அவுட்டோர்’ வந்தது. அந்தக் காலத்தில் தாலி கட்டிய மறுநாள் மணமக்களை அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டு, செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றுக்குப் போவோம். இருவரையும் மணலில் நடக்கவிட்டு, கையைப் பிடிக்கச் சொல்லி, திரும்பிப் பார்க்கச் சொல்லி எடுப்போம். பின்னால் சினிமாப் பாட்டு சேர்ப்போம்.

அந்தக் காட்சியை முப்பது வருடம் கழித்துப் பார்த்தபோது மணமக்களை நான் பார்க்கவே இல்லை. அவர்களுக்குப் பின்னால் பாலத்தின் தூண்கள் தெரிகின்றன. தூணில் மணல் எந்த மட்டத்துக்கு நிற்கிறது என்பது துல்லியமாகத் தெரிகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணல், நடுவே தெளிந்த நீர், அதன் ஓரத்தில் நாணல். ஓரிடத்தில் ஒரு அம்மா மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியில் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். முட்டி ஆழம்கூட இருக்காது அந்தக் குழி. அவர் ஃப்ரேமுக்குள் விழாமல் இருக்க வேண்டும் என்று நான் கேமராவை மெல்ல இடப்பக்கம் நகர்த்தியிருக்கிறேன். அந்த நகர்த்தல் கேசட்டில் அப்படியே பதிவாகியிருக்கிறது. அன்று வேண்டாம் என்று ஒதுக்கியவரை இன்று ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தேன். பாலாற்றில் எவ்வளவு மேலே தண்ணீர் இருந்தது என்பதற்கு அவருடைய கை ஒரு அளவுகோல்.

அன்றிரவு பீரோவைத் திறந்து மற்றவற்றையும் எடுத்துப் போட்டேன். பரனூர் தாண்டி ரயில் ஜன்னலிலிருந்து தெரியும் கொளவாய் ஏரி இருக்கிறது. எங்கள் ஊர் ஏரி கோடி போனபோது, வழிந்த தண்ணீரில் துள்ளும் கெண்டையைப் பிடிக்க வேட்டியை விரித்து நிற்கும் மாப்பிள்ளைத் தோழர்கள் இருக்கிறார்கள். ஆடிப்பெருக்கில் மாவிளக்கோடு ஆற்றுக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் இருளர் குடும்பங்களும் இருக்கின்றன. கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியற்காலையில் அலையோரத்திலேயே கல்யாணம் முடிப்பது அவர்கள் வழக்கம். ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டதால் ஒரு வருடம் போய் எடுத்தேன். கடற்கரைக் கோயிலுக்கும் அலைக்கும் நடுவில் எவ்வளவு மணல் இருந்தது என்று அதில் பார்க்கலாம்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ழாக் குஸ்தோவின் நினைவு வந்தது. தண்ணீருக்கடியில் சுவாசிக்கும் கருவியை 1943இல் எமில் கான்யானோடு சேர்ந்து உருவாக்கியவர். கலிப்சோ கப்பலை எடுத்துக்கொண்டு உலகம் சுற்றிய பிரெஞ்சுக்காரர். உங்கள் எல்லோருக்கும் அவர் ஒரு வகையில் பாட்டனார். அவருடைய குழு 1982, 83இல் அமேசானுக்குப் போய் ஆற்றையும் காட்டையும் மனிதர்களையும் படம் எடுத்தது. அவருடைய மகன் ழான் மிஷேல் கால் நூற்றாண்டு கழித்து அதே ஆற்றுக்குத் திரும்பிப் போனார். அந்தப் படம் 2008இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. தந்தை பார்த்ததையும் மகன் பார்ப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிந்தது, பழைய ரீல்கள் பத்திரமாக இருந்ததால்தான். எவ்வளவு காடு போயிற்று, எவ்வளவு கரை மாறிற்று என்று வாயால் சொன்னால் எதிராளி மறுப்பான். இரண்டு ரீலைப் போட்டுக் காட்டினால் மறுக்க வழியில்லை.

நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி வாயலூரில் கடலைச் சேர்கிற பாலாற்றுக்கு எந்தக் குஸ்தோ வந்தார்? அடையாறு ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளில் வழிந்து கிளம்பிய நாட்களை யார் எடுத்து வைத்தார்கள்? யாரும் எடுக்கவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எடுத்தவர்கள் நாங்கள்தான். தெரியாமல், பாதி ஃபோகஸில், மணமக்களின் தோளுக்குப் பின்னால்.

படம் எடுத்து என்ன ஆகிவிடும் என்று சலித்துக்கொள்பவர்கள் உங்களில் உண்டு என்பதை அறிவேன். உங்களுக்கெல்லாம் நம் சென்னைக்காரர் சேகர் தத்தாத்ரியின் பாதையை நினைவுபடுத்த விரும்புகிறேன். சிறுவனாகச் சென்னை பாம்புப் பண்ணையில் நுழைந்து, அங்கிருந்து கேமராவுக்கு வந்தவர். அமைதிப் பள்ளத்தாக்கைப் படம் எடுத்தார், வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்கும் வேலை பார்த்தார். பிறகு அந்தப் பாதையை விட்டு, காட்டையும் நீரையும் காக்கப் பயன்படும் படங்களை எடுக்கத் தொடங்கினார். 2001இல் குதிரேமுக் இரும்புச் சுரங்கத்தைப் பற்றி அவர் எடுத்த படம் வெறும் 12 நிமிடம். மழைக்காலத்தில் சுரங்கத்துச் செம்மண் பத்ரா ஆற்றில் கலந்து, ஆறு குழம்பாக ஓடுவதை அதில் காட்டினார். சுரங்கத்துக்கு எதிரான வழக்கில் அந்தப் படமும் ஒரு சாட்சியமானது. 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2005 முடிவில் சுரங்க வேலை நின்றது. படம் தனியாக நிறுத்தியது என்று சொல்ல மாட்டேன். மனு போட்டவர்கள், ஆதாரம் திரட்டியவர்கள், ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் பலர். ஆனால் வண்டி வண்டியாகக் காகிதம் சொல்ல வேண்டியதை அந்த 12 நிமிடம் கண்ணுக்குக் காட்டியது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பத்ரா துங்காவோடு சேர்கிறது, துங்கபத்ரா கிருஷ்ணாவில் விழுகிறது, கிருஷ்ணா நீர் ஸ்ரீசைலத்திலிருந்து கண்டலேறு வழியாகப் பூண்டிக்கு வருகிறது. சென்னைக் குழாயில் விழும் ஒரு சொட்டு, குதிரேமுக் மலையில் பெய்த மழையாக இருக்கலாம். கர்நாடக மலையில் எடுத்த படம் நம் குடத்துக்கும் காவலாக நின்றிருக்கிறது.

கடலிலும் இப்படி நடந்தது உண்டு. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கோடியில் இருக்கும் குரே தீவுக்கு ழான் மிஷேல் போய் எடுத்த படம் 2006இல் வெள்ளை மாளிகையில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் அந்தக் கடற்பரப்பைப் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமாக அதிபர் புஷ் அறிவித்தார். சரியான ஆள் முன்னால் சரியான நேரத்தில் ஓடிய படம் அது.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். கடல் படம் எடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து பாலாற்று மணலிலிருந்து தொடங்குங்கள். கடற்கரை என்பது கடல் கொண்டுவந்து கொட்டியது மட்டும் இல்லையே. ஆறு கொடுத்த மணல் அதில் இருக்கிறது. நம் பக்கத்துக் கடலோரத்தில் வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் மதராஸ் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பத் தொடங்கியதும் அந்த ஓட்டம் தடைபட்டது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது, வடக்கே மணல் போய்ச் சேராமல் ராயபுரம், காசிமேடு பக்கம் கரை தின்னப்பட்டது. நாம் காற்று வாங்கப் போகும் மெரினாவும் அங்கே வீடிழந்த குப்பங்களும் ஒரே மணலின் இரண்டு கதைகள். புதுச்சேரியிலும் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் வந்த பிறகு நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. ‘பாண்டிகேன்’ அமைப்புக்காக அந்தக் கதையைப் படமாக்கியவரும் சேகர் தத்தாத்ரிதான். பின்னர் 2018இல், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரிக் கரையோரம் நீருக்கடியில் ஒரு தடுப்பை இறக்கியது. கொஞ்சம் மணல் திரும்பி வந்து, மக்கள் மறுபடி கால் நனைத்தார்கள்.

துறைமுகச் சுவர் மணலின் பாதையை மறிக்கிறது. அந்தப் பாதைக்கு மணலே வராமல் போவது ஆற்றிலேயே நடக்கிறது. லாரி லாரியாக அள்ளியது ஒருபக்கம், குறுக்கே கட்டியவை இன்னொரு பக்கம். தடுப்பணைகளை நான் குறை சொல்ல வரவில்லை. கிணறு ஊறினால் விவசாயிக்கு உயிர் வரும், உப்பு நீர் உள்ளே ஏறாது. ஆனால் வாயலூரில் நின்று ஆற்றைப் பார்க்கிறவன், கடலுக்குப் போக வேண்டிய மணல் எங்கே என்றும் கேட்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு கரைகொள்ளாமல் ஓடியபோது வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் நானும் நின்றேன். எத்தனையோ பேர் கையில் செல்போன். எல்லோரும் தண்ணீரை எடுத்தார்கள். தண்ணீர் எதைச் சுமந்துகொண்டு போகிறது என்று எடுக்க உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

மேலே போனால் வாணியம்பாடியும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் இருக்கின்றன. தோல் பதனிடும் கழிவு பாலாற்றில் கலந்ததைப் பற்றிய வழக்கில், மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதியானதாகப் படித்திருக்கிறேன். 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. நாடு முழுவதும் ஆறுகளுக்காக வாதாடுகிறவர்கள் அந்தப் பாலாற்று வழக்கை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த ஆறு எப்படி இருந்தது என்று காட்டத்தான் நம்மிடம் ஒரு முழுப் படம் இல்லை.

நம் புறநகரத்து ஆட்கள் கடலிலிருந்து தள்ளி இருப்பதாக நினைக்கிறோம். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் பாலாற்று மணலுக்கடியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்த காலம் எனக்குத் தெரியும். 2013 முதல் நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்குகிறார்கள். மணலுக்குள் ஓடிய ஆற்றைக் குடித்த தென்சென்னைப் பக்கம் இப்போது கடலையும் குடிக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதே பள்ளிக்கரணையிலிருந்துதான் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் ‘மத்ஸ்யா 6000’ கலத்தை உருவாக்குகிறார்கள். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. அந்தக் கலம் முதன்முதலாக அடிமட்டத்தைத் தொடும்போது நம் ஆள் ஒருவர் கேமராவோடு உள்ளே இருக்க வேண்டும். அதற்கு முன், அதை உருவாக்கும் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வாசலிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், சதுப்பு நிலத்தின் இடுப்பளவுத் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்பதையும் யாராவது எடுங்கள். கலங்கல் நீரில் எடுப்பது நீல நீரில் எடுப்பதைவிடக் கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். வெளிச்சம் போட்டால் தூசிதான் மின்னும். அந்தக் கஷ்டத்துக்கு வழி கண்டுபிடிப்பவர் இந்த மாவட்டத்தின் ஆயிரம் ஏரிக்குள்ளும் போகலாம்.

சாட்சி என்ற சொல்லைப் பயன்படுத்திவிட்டேன். அப்படியானால் நேர்மையைப் பற்றியும் பேச வேண்டும். குஸ்தோவும் லூயி மாலும் சேர்ந்து எடுத்த ‘மௌன உலகம்’ 1956இல் கான் விழாவின் முதல் பரிசை வாங்கியது. மாபெரும் படம். அதற்குள்ளேயே பவளப் பாறையில் வெடி வைத்து, செத்து மிதக்கும் மீன்களை எண்ணுகிறார்கள். தங்கள் கப்பலில் அடிபட்ட திமிங்கிலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களைக் கப்பலில் இழுத்துப் போட்டுக் கோடரியால் வெட்டுகிறார்கள். பிற்காலத்தில் கடலுக்காக உலகமெங்கும் வாதாடியவரும் அதே குஸ்தோதான். அந்தக் காட்சிகளை வெட்டி எறியாமல் வைத்திருப்பதால் ஒரு மனிதர் எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தார் என்று நமக்குத் தெரிகிறது. நீங்களும் உங்கள் படத்துக்காகக் கலைத்த கூட்டை, மிதித்த பாறையை வெட்டாமல் வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், டைட்டில் கார்டைப் பற்றியது. 2002 ஏப்ரலில் இங்கிலாந்து அறிவியல் ஆய்வுச் சங்கமும் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனமும் சேர்ந்து மாமல்லபுரத்துக் கடலில் இறங்கின. எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக்கும் கூட இருந்தார். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தள்ளி, ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் சுவர்களும் செதுக்கிய கற்களும் தென்பட்டன. மூழ்கிய நகரத்தைக் கண்டுபிடித்ததாக உலகப் பத்திரிகைகள் எழுதின. எங்கே இறங்க வேண்டும் என்று காட்டியவர்கள் மாமல்லபுரத்து மீனவர்கள். வலை எங்கே சிக்கும், எந்தக் கல்லைச் சுற்றி மீன் நிற்கும் என்று அப்பா சொல்லி மகனுக்குத் தெரிந்த இடங்கள் அவை. காற்றுக்கு ஒரு பெயர், நீரோட்டத்துக்கு ஒரு பெயர், கடலடிப் பாருக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டு கண்ணால் பார்க்காத அடித்தரையை மனசுக்குள் வரைந்து வைத்திருப்பவர்கள். ஏரியில் மதகு திறக்கிற நீர்க்கட்டியும் அப்படித்தான். மண்வெட்டிக் காம்பை நட்டுப் பார்த்துவிட்டு எத்தனை நாளைக்குப் பாசனம் வரும் என்பார். அவர்கள் பெயரை ‘நன்றி’ என்ற பட்டியலில் கடைசியில் ஓடவிடாதீர்கள். முதல் அட்டையில் போடுங்கள், ஒளிப்பதிவாளருக்கும் முன்னால். என் கேசட்டில் ஊற்று மொண்ட அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்காமல் விட்டுவிட்டேன் என்பது இப்போது உறுத்துகிறது.

கேசட்டுகளின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் இல்லை. டேப்பின் மேலிருக்கும் காந்தப் பூச்சு உதிர்கிறது, நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை ஏறுகிறது. ஓட்டிக் காட்டும் டெக்கே கிடைப்பது அரிது. உலகத்தில் கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியும் 2016இல் நிறுத்திவிட்டது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் என் கடைக்குள்ளும் தண்ணீர் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்தது. 1990க்கும் 92க்கும் இடையில் எடுத்ததெல்லாம் அதில்தான் இருந்தது. வெயிலில் காயவைத்துப் பார்த்தேன், டேப் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உரிந்துவிட்டது.

என்னிடம் மிஞ்சியது முந்நூறு சொச்சம். கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் என்று இந்த வட்டாரத்தில் என் வயது ஸ்டூடியோக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். பலர் கடையை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் வீடு மாற்றும்போது மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார்கள். பாலாற்றோரம் மட்டுமா? காவிரிக்கரை ஸ்டூடியோவில் ஆடிப்பெருக்கு இருக்கும், தூத்துக்குடியில் பனிமய மாதா தேர் இருக்கும், ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் இருக்கும். தமிழ்நாட்டுத் தண்ணீரின் பழைய படங்கள் கல்யாணக் கேசட்டாக மாறுவேடத்தில் கிடக்கின்றன.

இவை குடும்பங்களின் சொத்து. ஒருவர் வீட்டுப் பெண்ணின் முகத்தை அவர் அனுமதியில்லாமல் உங்கள் படத்தில் வைக்க நான் விட மாட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே கூட வந்து கேட்கிறேன். பெரும்பாலும் தருவார்கள். அவர்களுக்கும் ஒரு பிரதி போட்டுக் கொடுங்கள், அது போதும். எந்த வருடம், எந்த மாதம், எந்த இடம் என்பதற்குச் சந்தேகம் வராது. கல்யாணப் பத்திரிகை கேசட் கூட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். முகூர்த்த நேரம் வரைக்கும் அச்சில் இருக்கிறது. விஞ்ஞானிகளிடம் கொடுத்தால் தேதி போட்ட அளவு கிடைக்கும்.

ஐப்பசி பிறந்ததும் வாருங்கள். சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினால் நடக்கும் தூரம்தான் கடை. காலையில் கேசட் பார்ப்போம். மதியம் என் பழைய ஷாட்டுகள் எடுத்த இடங்களில் அதே கோணத்தில் நீங்கள் கேமரா வையுங்கள். ட்ரைபாட் எங்கே நின்றது என்று நான் காட்டுகிறேன். மழை நன்றாக இருந்தால் ஏரி கோடி போவதையும் பார்த்துவிடலாம். படம் முடிந்ததும் முதல் காட்சி இங்கேதான் ஓட வேண்டும். கோயில் மலையடிவாரத்தில் வெள்ளைத் துணி கட்ட இடம் பார்த்து வைத்திருக்கிறேன். பாலாற்று மணலில் நடந்த அந்த மணமக்களுக்கு இப்போது பேரக்குழந்தை இருக்கிறது. அவர்களையும் கூப்பிட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொழில்காரன் ஒருவன்,
சிங்கப்பெருமாள் கோவில்.